உப்புப் பார்க்காத கை

ஆலய மடைப்பள்ளியில் வழங்கிவரும் விதிகளுள் ஒன்று அடியார்கள் பலரும் அறிந்ததே. இறைவனுக்குப் படைக்கும் நைவேத்தியத்தைச் சமைப்பவர் அதை வாயில் வைத்துப் பார்த்தல் ஆகாது. சர்க்கரைப் பொங்கலுக்கு இனிப்புப் போதுமா, புளியோதரையில் உப்பு ஏறிவிட்டதா என்று நாவினால் அறிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. முகர்ந்து பார்ப்பதும் குற்றமே என்பர் பழைய முறை தெரிந்தவர்கள். கொதிக்கும் பானையிலிருந்து தானாக எழுந்து வரும் மணத்தை எந்த விதியாலும் தடுக்க இயலாது என்பது வேறு விடயம்.

எச்சில், ஆசாரம், பக்தி என்ற சொற்களோடு இவ்விதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனினும் இதற்குள்ளே எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. தான் சமைத்ததைச் சுவைத்துப் பார்க்க முடியாத ஒருவர், நேற்றிலும் பார்க்க இன்று நன்றாகச் சமைப்பதற்கு எவ்வாறு கற்றுக்கொள்கிறார்? இறைவன் திருமுன் வைத்தெடுத்த பின்னர் அது பிரசாதமாகிவிடுகிறது. பிரசாதத்தில் குறை சொல்வாரில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வதே வழக்கம். ஆகவே சமைத்தவருக்குத் தன் நாவும் துணையில்லை. பிறர் சொல்லும் துணையில்லை. ஆயினும் வருடம் செல்லச் செல்ல அவர் கை முதிர்ந்துகொண்டே போகிறது.

விதிக்கு மாறான ஒரு கதையும் சைவர்களிடம் உண்டு. காளத்தி மலையிலே திண்ணன் என்னும் வேடர் இறைச்சியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் தம் வாயில் இட்டு மென்று பார்த்து, இனியதை மட்டும் தெரிந்து இலைக்கலத்தில் வைத்து இறைவனுக்குக் கொண்டு சென்றார். ஆகமம் கற்ற சிவகோசரியார் அதைக் கண்டு நடுங்கிப்போனார். இறைவனோ வேடரின் எச்சிலை ஏற்றுக்கொண்டு அவரைக் கண்ணப்பர் ஆக்கினார். ஒருவர் சுவைக்காமல் படைக்கிறார். மற்றவர் சுவைக்காமல் படைக்க மறுக்கிறார். அன்புக்கு விதியில்லை என்று கூறி இக்கதையை முடித்துவைப்பது சொற்பொழிவாளர்களுக்கு எளிது. ஆனால் சமையல் என்ற பக்கத்திலிருந்து நோக்கினால் இருவரும் ஒரே சிக்கலையே எதிர்கொள்கிறார்கள். உண்ணப்போகிறவர் தானல்லர், அவருக்கு எது இனிக்கும் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். வேடர் தம் நாவை அவருடைய நாவாக எண்ணிக்கொண்டார். மடைப்பள்ளிச் சமையற்காரர் தம் நாவை முற்றாக விலக்கிவைத்தார்.

விலக்கிவைத்ததன் பயனாக வேறொன்று வளர்ந்தது. அதுதான் அளவு. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் இதைக் காணலாம். இன்ன நாளில் இறைவனுக்குப் படைக்க அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய், தயிர், மிளகு, உப்பு இவ்வளவு என்று நாழி, உரி, ஆழாக்குக் கணக்கில் கல்லில் வெட்டிவைத்தார்கள். தானம் கொடுத்தவரின் பொருள் குறையாமல் போய்ச் சேர வேண்டுமென்பது அதன் முதல் நோக்கம். ஆயினும் நாவால் சோதிக்க முடியாத அடுக்களைக்கு அந்த அளவே நாவாகவும் பயன்பட்டது.

அளவு மட்டும் போதுமா என்றால், போதாது. பழைய அரிசி தண்ணீரை அதிகம் குடிக்கும். புது அரிசி சற்றுக் கூடினாலும் குழைந்துவிடும். சென்ற வருடத்து மிளகாயின் உறைப்பு இந்த வருடத்து மிளகாயில் இராது. கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது. நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அதனால் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மலைக்கு வந்து சமைப்பவர், பருப்பு ஏன் இன்னும் வேகவில்லை என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்க நேர்கிறது. வேகாத பருப்பில் அவசரப்பட்டுப் புளியை ஊற்றினால் அது பின்னர் வேக மறுக்கும். இவையெல்லாம் கல்வெட்டில் இல்லை. பொங்கி வரும் நுரையின் நிறம், கொதியின் ஓசை, அகப்பையைத் தூக்கும்போது கையில் தெரியும் பாரம் ஆகியவற்றிலிருந்தே அறிய வேண்டும். நாவை இழந்தவருக்குக் கண்ணும் காதும் கையும் கூர்மையடைகின்றன.

திருவிழா அன்னதானத்தில் இது இன்னும் தெளிவாகும். பத்துப் பேருக்குச் சமைக்கும் அளவை ஐம்பதால் பெருக்கி ஐந்நூறு பேருக்குச் சமைக்கலாம் என்று எண்ணுபவர் முதல் அண்டாவிலேயே பாடம் படிப்பார். சிறு பானையில் ஆவியாகிப் போகும் தண்ணீரின் பங்கு அதிகம். பேரண்டாவில் அந்தப் பங்கு குறைவு. ஆகவே தண்ணீரை அதே கணக்கில் பெருக்கினால் சோறு கஞ்சியாகும். பேரண்டா சூட்டை விடாது பிடித்துக்கொள்ளும். ஆகவே வேகுமுன்னரே விறகை இழுத்துவிட்டுத் தணலில் புழுங்க விட வேண்டும். உப்பையும் உறைப்பையும் குறைத்தே தொடங்க வேண்டும்; கூட்டுவது எளிது, எடுப்பது நடவாது. தேங்காய்ப்பால் விட்ட கறி வெயிலில் வெகுநேரம் நின்றால் கெட்டுவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். புண்ணியத்துக்காகச் சமைத்த உணவு ஒரு குழந்தையின் வயிற்றைக் கெடுத்துவிட்டால் அந்தப் புண்ணியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி, நன்றாகச் சமைத்தல் என்பதுதான் என்ன? உண்பவர் நாவைச் சப்புக்கொட்ட வைப்பதா?

கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய கோர்கியஸ் என்ற உரையாடலிலே சோக்கிரதீசர் சமையலைக் கலை என்றே ஒப்புக்கொள்வதில்லை. அது வெறும் பழக்கம் என்றும், மருத்துவத்தின் வேடம் புனைந்த முகத்துதி என்றும் அவர் வாதிடுகிறார். ஒரு வைத்தியரும் ஒரு சமையற்காரரும் குழந்தைகள் முன்னிலையில் போட்டியிட்டால் வைத்தியர் பட்டினி கிடந்தே சாவார் என்பது அவருடைய கேலி. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீடுதோறும் நுழைந்துவிட்ட இக்காலத்தில் அந்தக் கேலியை முற்றாகத் தள்ளிவிட முடியாது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாக்கோ அதை ஒப்புக்கொள்வதில்லை. நாக்குக்கு அடிமைப்பட்டு எண்ணெயையும் உப்பையும் சீனியையும் கூட்டிக்கொண்டே போகும் சமையற்காரர் புகழ் பெறுவார். அவர் வளர்ந்தார் என்று சொல்ல முடியாது.

ஆனால் சோக்கிரதீசர் அடுப்படியில் நின்றவர் அல்லர். நோயாளித் தந்தைக்கு உப்பைக் குறைத்துவிட்டு, அக்குறை தெரியாதிருக்க எலுமிச்சம்புளியும் மிளகும் சேர்த்துக் கறியை இறக்கும் மகளை அவர் எந்த வகையில் சேர்ப்பார்? அங்கே வைத்தியரும் சமையற்காரரும் ஒருவரே. நாவுக்கும் உடம்புக்கும் இடையே அவர் சமாதானம் செய்துவைக்கிறார். அதை முகத்துதி என்பது அநியாயம்.

பௌத்த உலகத்திலிருந்து வரும் சான்று வேறு விதமானது. 1223ஆம் ஆண்டு ஜப்பானியத் துறவி டோகன் சீனத்துத் துறைமுகத்தில் கப்பலில் இருந்தபோது, ஒரு மடத்தின் முதிய சமையற்காரத் துறவி காளான் வாங்க அங்கே வந்தார். இந்த வயதில் தியானத்தையும் நூல்களையும் விட்டுவிட்டு அடுப்போடு ஏன் மல்லாட வேண்டும் என்று டோகன் வினவினார். முதியவர் சிரித்து, இந்த இளைஞருக்குத் துறவு என்பது இன்னும் விளங்கவில்லை என்னும் பொருள்படப் பேசிவிட்டுத் தம் மடத்துக்குத் திரும்பினார். அச்சந்திப்பை மறவாத டோகன் 1237இல் மடத்துச் சமையற்காரர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியைக் களையும்போது மணலைப் பார், மணலைப் பொறுக்கும்போது அரிசியைப் பார் என்ற போக்கில் அமைந்த நூல் அது. சமையல் தியானத்துக்கு இடையூறன்று, அதுவே தியானம் என்பது அதன் கருத்து.

உயர்ந்த கருத்துத்தான். எனினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடைப்பள்ளிக்காரரையும் மடத்துத் துறவியையும் பற்றி நூல்கள் இருக்கின்றன. வீட்டில் நாள்தோறும் மூன்று வேளை அடுப்பெரிப்பவரைப் பற்றி அத்தகைய நூல் இல்லை. அவருக்குக் கிடைத்திருப்பது 'கைமணம்' என்ற ஒரு சொல் மட்டுமே. அச்சொல் பாராட்டுப் போலத் தோன்றினாலும் ஒருவகையில் அவரை ஏமாற்றுகிறது. நாற்பது வருட உழைப்பினால் வந்த அறிவைப் பிறவியிலேயே விரலில் ஒட்டிக்கொண்டு வந்த ஏதோவொன்றாக அது காட்டிவிடுகிறது.

கண்டி அரசில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1660 முதல் 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்து தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே இவ்வேற்றுமையைத் தம்மை அறியாமலே பதிவு செய்திருக்கிறார். இரண்டாம் இராஜசிங்கனுக்கு உணவு கொண்டு செல்பவர்கள் தம் மூச்சு அதிலே படாதிருக்க வாயைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். பாத்திரங்கள் வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தன. சாதாரணக் குடிமகன் வீட்டிலோ மனைவி நின்று பரிமாறினாள். கணவன் உண்டு எழுந்த பின்னர் அதே கலத்தில் அவள் உண்டாள். அரசனின் உணவைச் சுற்றி எத்தனை மரியாதை! சமைத்த பெண்ணுக்கோ மிச்சம். கண்டி இராச்சியம் 1815இல் முடிந்துவிட்டது. கடைசியில் உண்ணும் வழக்கம் முடிந்துவிட்டதா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் அடுக்களையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டப்புறங்களில் இதன் கதை இன்னும் கனமானது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெயிலர், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே 1867இல் வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி, இன்றும் அணையாத அடுப்பை மூட்டினார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பசிக்குப் பயந்து கடல் கடந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு அது வெறும் தற்செயலாகத் தோன்றுவதில்லை. தோட்ட நிருவாகங்கள் அரிசியையும் பின்னர் கோதுமை மாவையும் வழங்கி அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலம் நீண்டது. என்ன சமைப்பது என்பதைச் சமைப்பவர் தீர்மானிக்கவில்லை. கொடுக்கப்பட்ட மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது என்பது மட்டுமே அவர் கையில் இருந்தது.

அந்த 'எப்படி' என்பதிலிருந்து பிறந்ததே தோட்டத்து ரொட்டி. கோழி கூவும் முன் எழுந்து, கவ்வாத்து மிளாறு மூட்டிய அடுப்பிலே சுடப்படும் ரொட்டி அங்கேயே தின்னப்படுவதில்லை. பெரட்டு முடிந்து மலையேறி, கொழுந்தெடுத்து, நண்பகலில் குளிர் காற்றில் அமர்ந்து பிரிக்கும்போதுதான் அதற்கு வேலை வருகிறது. கல்லிலிருந்து இறக்கிய உடனே மொறுமொறுப்பாக இருக்கும் ரொட்டி நண்பகலில் தோலாகிவிடும். அதை அறிந்தவர் சுடுதண்ணீர் விட்டு மாவைப் பிசைகிறார்; தேங்காய்ப்பூவைச் சற்றுக் கூட்டுகிறார்; பிசைந்ததை மூடிவைத்து இழுவை தளர்ந்த பின்னரே தட்டுகிறார்; சுட்டதை ஆறவிடாமல் துணியில் சுற்றி அதன் ஆவியிலேயே மிருதுவாக்குகிறார். கட்டச்சம்பலில் உறைப்பும் புளிப்பும் தூக்கலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆறிய உணவு சுவை மங்கித் தோன்றும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்று அந்த ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பதால் அவருக்கு எதுவும் தெரியவராது. நாவு பொய் சொல்லும். அவர் சுவைக்க வேண்டியது வேறொரு நேரத்தில், வேறொருவர் வாயில் இருக்கும் சுவையை. மடைப்பள்ளியிலே உப்புப் பார்க்காமல் நிற்பவருக்கும் லயத்து அடுப்பில் மா தட்டுபவருக்கும் உள்ள உறவு இதுதான். தன் நாவைத் தாண்டி இன்னொருவருக்குள் போய் நின்று பார்க்கக் கற்பதே சமையலில் வளர்வது. உப்பு, புளி, பதம், அளவு எல்லாம் அதற்குப் பின்னர் வருபவை.

இவ்வாறு கூறுவதால் வறுமையே நல்ல ஆசான் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வயிறு நிறைந்தவர்கள் சொல்லும் பேச்சு அது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது. மாவே இல்லாத வீட்டில் கைப்பக்குவம் என்ன செய்யும்? 2022இல் எரிவாயுவுக்கு வரிசைகள் நீண்டு, அவ்வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, நகரத்து அடுக்களைகளும் விறகுக்குத் திரும்பின. தேங்காய்ப்பாலை ஒரு முறைக்கு மூன்று முறை பிழிந்த அந்த மாதங்களில் சிலர் சிக்கனமாகச் சமைக்கக் கற்றார்கள் என்பது உண்மை. அவ்வாறு கற்க நேர்ந்தது ஒரு நாட்டின் குற்றம் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கலாகாது.

ரொட்டியைப் பொறுத்தவரை தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு வசதி இருந்தது. அவரே கொழுந்தும் எடுத்ததால், நண்பகலில் அந்த ரொட்டியைத் தானும் தின்றார். தன் பிழையைத் தானே மென்று அறிந்தார். இரவுச் சாப்பாட்டில் அந்த வசதி இல்லை. எல்லாரும் உண்டு முடிந்த பின், ஆறிய சோற்றையும் சட்டியின் அடியில் ஒட்டிய கறியையும் உண்பவர், தான் சமைத்த உணவு சூடாக இருந்தபோது எப்படியிருந்தது என்பதை அறியவே மாட்டார். அதை அவருக்குச் சொல்லக் கூடியவர்கள் முதலில் உண்டவர்கள் மட்டுமே.

அவர்கள் என்ன சொல்கிறார்கள்? பல வீடுகளில் ஒன்றும் சொல்வதில்லை. உப்புக் கூடினால் மட்டும் வாய் திறக்கிறது. வாய்க்கு விளங்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதைக் கருத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது, அது தண்டனை. எது வந்தாலும் 'நல்லாயிருக்கு' என்று தலையாட்டுவதும் பெரும்பாலும் அன்பன்று, கவனமின்மை. கோவிலில் பிரசாதத்தைக் குறை சொல்லாத பண்பு இறைவனை நோக்கியது; அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மௌனமாக உண்டு எழுவது அந்தப் பண்பு அல்ல. கோவிலிலும்கூட நைவேத்தியம் வேறு, அன்னதானம் வேறு. அன்னதானக் கறியில் முதல் அகப்பையை இறைவனுக்கு எடுத்து வைத்த பின், பந்தியில் அமர்ந்த ஒருவர் சமையற்காரரிடம் சென்று, "அண்ணே, பருப்பு இன்னும் ஒரு கொதி வந்திருக்கலாம், கத்தரிக்காய் அருமை" என்று தணிந்த குரலில் சொல்வாராயின், அடுத்த வருடத்து அன்னதானத்துக்கு அவர் கொடுக்கும் ஒரு மூடை அரிசியிலும் அது பெரிய உபயமாகும். சொல்லும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. சமைத்தவரை இறக்கிவிடாமல் சமையலைப் பற்றிப் பேசுதல் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. சமைக்கக் கற்பதிலும் அது கடினம் போலும். இல்லையெனில் இத்தனை வீடுகளில் அது இல்லாமல் இருக்காது.

இன்னும் எளிய வழியொன்று உண்டு. சமைத்தவரையும் சூடாக உண்ணச் சொல்வது. வாரத்தில் ஒரு நாளாவது வீட்டிலுள்ள வேறொருவர் பரிமாற, சமைத்தவர் முதற்பந்தியில் அமரலாம். அன்னதான மண்டபத்திலும் அடுப்படியில் வெந்தவர்களுக்கு இறுதிப் பந்தியை ஒதுக்காமல் முதற்பந்தியில் நான்கு இலைகள் போடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பெரிய புராணத்திலே இளையான்குடி மாறனாரின் மனைவியாரைப் பற்றி வருகிறது. பொருளெல்லாம் அடியாருக்கு உணவிட்டே தீர்ந்துபோன வீடு. மழை பெய்யும் நள்ளிரவில் ஓர் அடியார் பசியோடு வந்து நிற்கிறார். விதைத்த நெல்லை வயலிலிருந்து நாயனார் வாரிக்கொண்டு வருகிறார்; விறகில்லை என்றபோது கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுக்கிறார்; கறிக்கு எதுவுமில்லை என்றபோது கொல்லையில் முளைத்துவந்த இளங்கீரையைப் பறித்து வருகிறார். நாயனாரின் இச்செயல்களை உலகம் கொண்டாடுகிறது. முளைவிட்ட ஈர நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கிச் சோறு சமைத்தவரும், ஒரே கீரையைக் கொண்டு தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறிகளாக ஆக்கி வைத்தவரும் அந்த அம்மையார். அவருடைய பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. உணவு ஆயத்தமானதும் நாயனார் அடியாரை எழுப்பினார். எழுந்தவர் சோதியாகித் தோன்றினார். பின்னர் இறைவன் உமையம்மையோடு காட்சி கொடுத்து இருவருக்கும் அருள் செய்தார். வீடு முழுவதும் ஒளியாயிற்று. இலையிலே பரிமாறக் காத்திருந்த அந்தக் கீரைக் கறிகளுக்கு உப்பு அளவாக இருந்ததா என்று அம்மையாருக்குச் சொல்வதற்கு, அன்றிரவு அங்கே ஒருவரும் உண்ணவில்லை.